ஒரு கவளம்

சென்ற பருவத்தில் ஒரு நாட் பிற்பகல், எம் வகுப்பிலே புறநானூற்றின் 188ஆம் பாட்டுப் பாடமாக நிகழ்ந்தது. பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது அது. பெருஞ்செல்வனே ஆயினும், உணவிற் கைவிட்டுக் குழப்பித் தன் மேனியெங்கும் பூசிக்கொள்ளும் மழலையைப் பெறாதவனுக்கு வாழ்வினால் ஆகிய பயன் இல்லை என்பது அவ்வரசன் கருத்து. ஆசிரியர் அக்காட்சியை விரித்துரைத்தபோது வகுப்பினர் யாவரும் முறுவலித்தனர். யாம் மட்டும் தலை கவிழ்ந்து நூலையே நோக்கியிருந்தோம். எம் இல்லத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உளன். அவன் உணவிற் கையிடான். ஒரு பருக்கை விரலில் ஒட்டிக்கொண்டாலும் கையை உடலினின்று விலக்கி நீட்டியபடியே தண்ணீர்க் குடத்துக்கு ஓடுவான். அவனுக்கு உணவின்மேல் இருந்த அச்சத்தை ஒருமுறை யாம் பன்மடங்காக்கினோம். அதனை எழுதுவது எமக்கு எளிதன்று. ஆயினும் எழுதத் துணிந்தோம்.

அவன் எம் தமக்கையாரின் மகன், எமக்கு மருமகன். அத்தான் கப்பலில் வேலை பார்ப்பவர். ஆண்டின் பெரும்பகுதியைக் கடலிலேயே கழிப்பவர். ஆதலின் தமக்கையார் மகனுடன் எம் வீட்டிலேயே தங்கியுள்ளார். திருச்செந்தூருக்கு அணித்தாய், செம்மணல் தேரியின் ஓரத்தில், பனைகளுக்கிடையே உள்ளது எம்மூர். நுங்கும் பதநீரும் பனங்கிழங்கும் மீன் குழம்புமே எம்மூர்ப் பிள்ளைகளை வளர்ப்பன. எம் மருமகனோ இவற்றுள் ஒன்றையும் தீண்டான்.

அவன் உண்பன ஏழே பொருள்கள். உப்பிட்ட வெறுஞ்சோறு, அதுவும் பருக்கை பருக்கையாய் உதிர்ந்திருத்தல் வேண்டும், தோசையின் முறுகிய ஓரம், அப்பளம், ஒரே வகைப் பிஸ்கோத்து, சில்லுக்கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன், ஆடை நீக்கி வடிகட்டிய பால். இட்டலியை அமுக்கிப் பார்த்துவிட்டு, 'இது பஞ்சு' என்று தள்ளிவிடுவான். வாழைப்பழமும் நுங்கும் தயிரும் அவனுக்கு ஒரே பகை. அப்பளத்தின் ஓர் ஓரத்திற் சட்டினி பட்டுவிட்டால் அப்பளம் முழுதும் தீண்டத்தகாததாகிவிடும். மீன் கொதிக்கும் நேரத்தில் அவன் வீட்டினுள்ளே இரான். வேப்பமரத்தடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பான்.

'செல்லங் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்' என்பது ஊரார் தீர்ப்பு. யாமும் அதனையே நம்பினோம். பத்தொன்பது வயதில் எமக்குத் தெரியாத பொருள் உலகில் ஒன்றுமில்லை என்பது அப்போது எம் கொள்கையாயிருந்தது.

2024ஆம் ஆண்டு எம்மூர் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. நெல்லைச் சீமையைச் சாராத அன்பர்களுக்காக ஒரு சொல்: பண்டிகையை ஒட்டி ஊர்ச் சபையார் யாவரும் ஒருங்கிருந்து உண்ணும் பொதுவிருந்துக்கு அசனம் என்பது பெயர். முதல்நாள் இரவே பந்தலின் பின்புறம் அடுப்புகள் மூட்டப்பெறும். அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வேகும். வெளியூரிற் பணிபுரிவோரும் இவ்வொரு வேளைச் சோற்றுக்காக விடுப்பெடுத்து வருவர். எமக்கு அதனினும் இனிய உணவு இன்றளவும் இல்லை.

பந்தலுள் வெம்மையும் புகையும் கறியின் மணமும் ஒலிபெருக்கியின் முழக்கமும் நிறைந்திருந்தன. மருமகன் எமக்கும் தமக்கையாருக்கும் இடையில் அமர்ந்திருந்தான். தமக்கையார் கைநீட்டித் தடுக்குமுன் பரிமாறுபவர் அவன் இலையிற் சோற்றின்மேல் ஓர் அகப்பைக் குழம்பை ஊற்றிவிட்டார். சிறுவன் மரம்போல் விறைத்து இரு காதுகளையும் பொத்திக்கொண்டான். எதிர்ப்பந்தியில் இருந்த பெரியவர் ஒருவர், 'ஒரு கவளம் உள்ளே போகட்டும், அப்புறம் ருசி தெரிஞ்சுரும்' என்றார். எம் நண்பர் இருவர் நகைத்தனர். அந்நகைப்பே எம்மைத் தூண்டியது. யாம் அவன் மோவாயைப் பற்றிக் குழம்புச் சோற்றில் ஒரு கவளம் உருட்டி வாயினுள் அழுத்தினோம்.

அவன் குமட்டினான், மூச்சுத் திணறினான், பின் அக்கவளத்தோடு காலையிற் குடித்த பாலையும் இலையிற் கக்கினான். அருகிருந்தோர் எழுந்தனர். எமக்கு அப்போது உண்டான நாணம் அவன் பொருட்டன்று, எம் பொருட்டே என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம். சிறுவன் அழவில்லை. எம் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று முதல் எம் கையினின்று பிஸ்கோத்தையும் அவன் வாங்கினானில்லை. மறுநாள் தொடங்கி வெறுஞ்சோற்றையும் விட்டான். ஏழில் ஒன்றுதானே குறைந்தது என்று எண்ணற்க. அவனைத் தாங்கியிருந்தது அந்த ஒன்றே. மூன்று வாரத்தில் ஒரு கிலோ எடை குறைந்தது. மருத்துவர் ஒருவர், 'பசித்தால் தானே தின்பான். ஒரு நாள் பட்டினி போடுங்கள்' என்றார். தமக்கையார் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு அவ்வாறே செய்தார். மாலையளவில் சிறுவன் சுருண்டு படுத்தான். சோற்றுத் தட்டைக் காட்டியபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றிரவு எம் அன்னையார் ஒருவரோடும் பேசவில்லை.

வேறொரு குழந்தை மருத்துவரிடம் சென்றபோதுதான் வழி புலப்பட்டது. அவர் அறிவுரை கூறுமுன் ஆராய்ந்தார். தொண்டையில் தடையுண்டோ, விழுங்குங்கால் இருமல் வருகின்றதோ, உண்டது மேலெழுந்து எரிக்கின்றதோ, மலச்சிக்கல் உண்டோ என ஒவ்வொன்றாய் வினவினார். குருதியைச் சோதித்து, இரும்புச்சத்துக் குறைவு கண்டு, அதற்குச் சொட்டு மருந்து அளித்தார். அதன்பின், ஆக்குபேஷனல் தெரபி என்னும் சிகிச்சை முறையைப் பயின்ற அம்மையார் ஒருவரிடம் அனுப்பினார். மகன் உண்ணவில்லையென்று வருந்தும் பெற்றோர் யாராயினும் இவ்வரிசையை மாற்றலாகாது என்பது எம் துணிபு. உடற்குறை உண்டோவென்று காணாமல் 'பிடிவாதம்' எனப் பெயரிடுதல் கொடுமை.

அவ்வம்மையாரிடம் யாமும் உடன் சென்றோம். நிகழ்ந்ததைத் தமக்கையார் சொல்லுமுன் யாமே சொல்லிவிட்டோம். அவர் சினந்தாரில்லை. 'தம்பி, கரும்பலகையை நகத்தால் கீறினால் என்ன செய்வீர்கள்? காதைப் பொத்துவீர்கள். உங்களைப் பிடித்து உட்காரவைத்து அதையே கேட்கச் செய்தால் பழகிவிடுமா?' என்று மட்டும் கேட்டார்.

பின்னர் அவர் விளக்கியவற்றைச் சுருங்கக் கூறுவோம். வாயிற் புகுந்த பொருளின் வழவழப்பையும் நார்த்தன்மையையும் சூட்டையும் உணர்த்துவது சுவை நரம்பன்று. முகத்துக்குரிய ஐந்தாம் கபால நரம்பு. குமட்டல், ஒன்பதாம் பத்தாம் கபால நரம்புகளின் வழியே நிகழ்வது. மூச்சுக்குழல் அடைபடாதபடி உடல் தன்னைத் தான் காக்கும் செயல். கைக்குழந்தைக்கு நாவின் முற்பகுதியைத் தொட்டாலே குமட்டல் எழும். வளர வளர அவ்விடம் பின்னோக்கிச் செல்லும். சில குழந்தைகளுக்குத் தொடுவுணர்ச்சியும் மணவுணர்ச்சியும் அளவு கடந்து கூர்மையாயிருத்தலின், பிறர்க்கு ஒன்றுமில்லாத ஒரு தயிர்த்துளி அவர்களுக்குத் தாங்கலாற்றாததாகின்றது. அன்றியும் குழம்புச் சோற்றில் ஒரு வாய் மென்மை, மறு வாய் நார், அடுத்த வாயில் எலும்பு. எது வருமென்று அவர்கள் முன்னறிய இயலாது. பிஸ்கோத்து அவ்வாறு ஏமாற்றுவதில்லை. நேற்றையதும் இன்றையதும் ஒன்றே. எம் மருமகனின் ஏழு பொருள்களையும் எண்ணிப் பாருங்கள். பாலொழிந்த ஆறும் முறுகியவை, உதிர்பவை, என்றும் ஒருதன்மையன. அவன் தெரிந்தெடுத்ததில் ஓர் ஒழுங்கு இருந்தது. அதனைக் காணும் கண்தான் எம்மிடம் இல்லை.

ஈண்டு எமக்கு நாணம் தந்த மற்றொன்றையும் கூறவேண்டும். தொல்காப்பிய மரபியலில் உயிர்களை அறிவினால் வகுக்குமிடத்து, மெய்யால் உற்றறிதலே ஓரறிவாக முதற்கண் வைக்கப்பட்டுள்ளது. நாவின் அறிவு அதற்கு அடுத்ததே. இதனை யாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம். உண்ணுதலிலும் தொடுதலே சுவைக்கு முந்தியது என்பது மட்டும் எமக்குத் தோன்றவில்லை.

இக்கூருணர்ச்சி ஆட்டிசம் உடைய குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்பெறும். ஆயினும் இஃதுடையார் எல்லாரும் ஆட்டிசம் உடையார் அல்லர். உணவை ஒதுக்குதல் உடல்வளர்ச்சியைக் குன்றச் செய்யும் அளவு முற்றினால் அதனைத் தனியொரு நோய்நிலையாகவே கொள்வர். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தார் 2013இல் வெளியிட்ட நோய்வகைத் தொகுப்பில் அதற்குத் தனிப்பெயரும் இடமும் அளித்தனர். எம் மருமகனை ஆராய்ந்தோர் ஆட்டிசம் இல்லை என்றனர். இருந்திருப்பினும் அவன் எம் மருமகனே.

'பசித்தால் தின்பான்' என்பது முழுப்பொய்யா என்று அவ்வம்மையாரை வினவினோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அஃது உண்மை என்றார். கிளாரா டேவிஸ் என்னும் அமெரிக்க மருத்துவ அம்மையார், பால் மறந்த பருவத்துக் குழவிகள் முன் பலவகை உணவை வைத்து, ஒருவரும் வற்புறுத்தாமலும் தூண்டாமலும் அவரவர் விருப்பப்படி உண்ணவிட்ட ஆராய்ச்சியை 1928இல் வெளியிட்டார். குழவிகள் நன்கே வளர்ந்தனர். ஆனால் அங்கே வைக்கப்பெற்றவை யாவும் நல்லுணவுகளே என்பதையும், அக்குழவிகள் உணவை அஞ்சினவர்கள் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. அஞ்சுகின்றவனைப் பட்டினியிடின் பசி மடிந்து அச்சமே எஞ்சும். எம் வீட்டில் நிகழ்ந்தது அதுவே.

முறை யாதெனின், கேட்பதற்கு மிக எளிது. எதை, எப்போது, எங்கே வைப்பது என்பது பெரியோர் கடன். எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பது பிள்ளையின் உரிமை. எல்லின் சேட்டர் என்னும் அமெரிக்க அம்மையார் வகுத்த பங்கீடு இது. ஒவ்வொரு வேளையும் அவன் உண்ணும் பொருளில் ஒன்றேனும் தட்டில் இருத்தல் வேண்டும். புதிய பொருள் தனிக்கிண்ணத்தில், அவனுடையதைத் தீண்டாமல், அருகே இருக்கும். அவ்வளவே. 'தின்னு' என்று சொல்லலாகாது. தின்றால் புகழவும் ஆகாது. நிலாக் காட்டி ஊட்டிய காலம் போய்க் கைப்பேசி காட்டி ஊட்டும் காலம் வந்துள்ளதே, அதுவும் இவனுக்கு வேண்டாம் என்றார். வாயில் என்ன புகுகின்றது என்றறியாமல் விழுங்குவது பழகுதல் ஆகாதாம். உண்ணுதலுக்கு முன் பல படிகள் உள்ளன: ஒரே அறையில் இருத்தல், நோக்குதல், மோத்தல், விரலால் தொடுதல், உதட்டிற் படுத்துதல், நக்குதல், கடித்துத் துப்புதல். துப்புதற்கென்றே ஒரு கிண்ணம் வைக்கச் சொன்னார். எம் அன்னையார்க்கு அது பொறுக்கவில்லை. 'சாப்பாட்டைத் துப்பச் சொல்லிக் கொடுக்கிற வைத்தியமும் உண்டா?' என்றார்.

கேட்பதற்கு எளிது என்றோம், செய்வதற்கு அன்று. கோடை விடுமுறைக்கு வீடு சென்றபோது எமக்கு இட்ட பணி, அவனருகே அமர்ந்து எம் உணவை யாம் உண்டு வாய் பேசாதிருத்தல். தமிழ்ச் சங்கத்தில் ஒரு மணி நேரம் இடைவிடாது பேசவல்ல எமக்கு அதனினும் கடிய பணி வாய்த்ததில்லை. முதல் வாரம் அவன் எம்மருகே அமரவே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு தமக்கையாரின் மறுபுறம் சென்றுவிடுவான்.

அவன் எம்மிடம் மீண்டது உணவினால் அன்று, மணலினால். தேரியின் உலர்ந்த செம்மணலில் விளையாடுதல் அவனுக்குப் பிடிக்கும், ஈரமணல் ஆகாது. நாள்தோறும் மாலையில் மணலில் யாம் கிணறு தோண்டினோம். அவன் எட்ட நின்று கண்டான். நான்காம் நாள் அவனும் தோண்டினான். பின்பு ஒரு குவளை நீர் தெளித்தோம். ஈரம் பட்டதும் கையை நீட்டினான். யாம் ஒன்றும் கூறாது துணியை நீட்டினோம். துடைத்துக்கொள்ளலாம் என்று அறிந்தபின் அவனுக்குத் துணிவு பிறந்தது. துணி அருகில் இருக்குமாயின் அவன் ஈரமணலையும் தொடுவான்; துணி இல்லையேல் தொடான். இச்சிறு செய்தியை அம்மையாரிடம் சொன்னபோது அவர் மகிழ்ந்து, மணலுக்கு அடுத்து மாவைக் கொடுங்கள் என்றார்.

அரிசிமாவு, பின் பிசைந்த மாவு, பின் இடியாப்ப உரல். உரலை இரு கையாலும் அழுத்த நூல் நூலாய் மாவு இறங்கும் விந்தை அவனை மயக்கிற்று. காலைதோறும் அவனே பிழிவான், தமக்கையார் அவிப்பார், வீட்டார் உண்பர், அவன் தன் தோசை ஓரத்தைக் கடித்துக்கொண்டு நோக்கியிருப்பான். இவ்வாறு பதினெட்டு நாள் கழிந்தது. பத்தொன்பதாம் நாள் ஆறி உலர்ந்த நூலொன்றை முறித்து உதட்டில் வைத்தான். துப்பினான். மறுநாளும் துப்பினான். ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின் துப்பவில்லை. அன்னையார் வாய்திறக்கப் போனார். தமக்கையார் மேசையின் கீழ் அவர் காலை மிதித்தார். இரண்டு வயதுக் குழந்தைகள் புதிய உணவைப் பலமுறை சுவைக்கச் சுவைக்கவே விரும்பத் தொடங்குவதை லீயன் பிர்ச் என்னும் அறிஞர் 1982இல் ஒருவரோடு சேர்ந்து ஆராய்ந்து எழுதியுள்ளார். எம் வீட்டிலோ இருமுறை வேண்டாமென்றால் 'இவனுக்கு ஆகாது' என முடிவு கட்டிவிடுவது வழக்கமாயிருந்தது.

வீழ்ச்சியும் இல்லாமலில்லை. இரும்புச்சத்து வேண்டுமென்று கேட்ட அன்னையார், ஒருநாள் முருங்கைக் கீரையை மையாய் அரைத்து அவன் தோசை மாவிற் கலந்துவிட்டார். அன்பினாற் செய்தது, ஐயமில்லை. சிறுவன் ஓரத்தைக் கடித்ததும் நிறுத்தினான். தோசையை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தான். 'ஆச்சி, இது என் தோசை இல்லை' என்றான். பத்து நாள் தோசையைத் தொட்டானில்லை. அன்னையார் அழுதார். பதினோராம் நாள் அவனைத் தோளில் இருத்தி, மாவு அரைப்பது முதல் கல்லில் வார்ப்பது வரை ஒவ்வொன்றையும் அவன் காணச் செய்து, 'பார், வேறெதுவும் போடலை' என்று காட்டி வார்த்துக்கொடுத்தார். அதன்பிறகுதான் உண்டான். அசனப் பந்தலில் யாம் செய்ததற்கும் அன்னையார் செய்ததற்கும் வேற்றுமை மிகுதி. ஆயினும் சிறுவனுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டிருத்தல் கூடும். தட்டில் இருப்பது தட்டில் இருப்பதே என்ற நம்பிக்கை போய்விட்டதன்றோ?

வெறுஞ்சோறு மீண்டு வர நான்கு திங்கள் ஆயிற்று. அப்பளத்தை நொறுக்கிச் சோற்றின்மேல் தூவிக்கொள்ளும் சூழ்ச்சி அவனே கண்டது, எவரும் கற்பித்ததன்று. இடியாப்பமும் பொரியும் முறுக வறுத்த உருளைக்கிழங்கும் மொறுமொறுப்பான முட்டைத் தோசையும் சேர்ந்து இப்போது அவன் உணவு பதினொன்று. மீன் இல்லை, தயிர் இல்லை, பழமும் இல்லை. மீன் கொதிக்கும்போது வேப்பமரத்தடிக்கு ஓடாமல் திண்ணை வரையில் வந்து நிற்கின்றான். குறைந்த எடை மீண்டு, அதற்குமேல் சிறிது ஏறியும் உள்ளது. அவன் எல்லாவற்றையும் உண்ணும் நாள் வருமா என்று அம்மையாரைக் கேட்டோம். 'எல்லாவற்றையும் நீங்கள் உண்கிறீர்களா?' என்றார். எமக்குப் பாகற்காய் ஆகாது.

2025ஆம் ஆண்டு அசனத்துக்கு அவனை அழைத்துச் செல்வதா என்பது வீட்டில் இரண்டு நாள் வழக்காடப்பட்டது. இறுதியில் அவனையே கேட்டனர். 'மாமா பக்கத்துல உக்காருவேன், இலை வேண்டாம், என் டப்பா' என்றான். கூட்டம் நெருங்குமுன் முதற்பந்திக்கே சென்றோம். ஒலிபெருக்கிக்குத் தொலைவான மூலையில் அமர்ந்தோம். பரிமாறுவோரிடம் தமக்கையார் முன்னரே சொல்லிவைத்திருந்தார். கடந்த ஆண்டு எதிர்ப்பந்தியில் இருந்த பெரியவர் இம்முறையும் அருகே வந்தார். எதையோ சொல்ல வாயெடுத்தவர், எம் முகத்தைக் கண்டு அப்பால் சென்றார்.

மருமகன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எம் இலையை நெடுநேரம் நோக்கினான். பின்பு சுட்டுவிரலை எம் குழம்பில் நுனியளவு தோய்த்தான். முகர்ந்தான். முகத்தைச் சுளித்தான். யாம் துணியைத் தேடுமுன் அவ்விரலை எம் வெள்ளை வேட்டியில் இரண்டுமுறை அழுந்தத் துடைத்தான். குழம்பை அவன் உண்டிலன். அப்பளத்தை நொறுக்கி, டப்பாவிலிருந்த சோற்றில் தூவி, கடைசிப் பருக்கை வரையில் உண்டுவிட்டு, 'மாமா, தண்ணி' என்றான்.